எட்டு நீலம், முப்பத்திரண்டு சிவப்பு: காரைக்குடிப் பக்கம் ஒரே வளவில் டெர்பி பார்ப்பதற்கு யோசனை வேண்டும்

கேட்பவர்: நீலப்பட்டாலை

வணக்கம். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் வட்டாரத்தில் எவர்ட்டன் கால்பந்துக் கிளப்பின் (நீலம்) ஆட்கள் எட்டுப் பேர். லிவர்பூல் கிளப்பின் (சிவப்பு) ஆட்கள் முப்பத்திரண்டு பேர். இங்கிலாந்தில் ஒரே ஊரைச் சேர்ந்த இந்த இரு கிளப்பும் மோதும் ஆட்டமான மெர்சிசைடு டெர்பி அடுத்து வரும்போது அதை இரு தரப்பும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதென்று பேசி முடித்தாயிற்று. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவை, அதாவது முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் சேர்ந்த பகுதியை, தருகிறார்கள். சுவரிலும் தரையிலும் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பது மட்டும்தான் வீட்டுக்காரர்களின் நிபந்தனை.

தெரிய வேண்டியவை இவை. ஆட்டக் கணிப்புப் போட்டி வைக்க ஆசை. கூட்டுத்தொகை பார்த்தால் முப்பத்திரண்டு பேர் இருக்கும் பக்கம்தான் எப்போதும் ஜெயிக்கும். எட்டுப் பேருக்கும் நியாயமாக அமையும்படி விதி எப்படி எழுதுவது? அடுத்து, தமிழில் ஒரு பெரிய பதாகை எழுத வேண்டும். என்ன துணி, என்ன அளவு, என்ன வாசகம்? முற்றம் திறந்து கிடக்கும் வீட்டில் ப்ரொஜெக்டர் சரிப்படுமா? நாற்பது பேருக்குப் பலகாரம் என்ன செய்யலாம்? கடைசியாக ஒன்று: கேலி செய்யத்தான் கூடுகிறோம், ஆனால் எது வரைக்கும் போகலாம்?

பதில் 1: கணக்கப்பிள்ளை

புள்ளிக் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூட்டுத்தொகை சரிவராது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். "அதிகப் புள்ளி எடுத்தவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெற்றி" என்பதும் சரிவராது. எல்லோருக்கும் ஒரே திறமை என்று வைத்துக்கொண்டாலும், நாற்பது பேரில் முதலிடம் உங்கள் எட்டுப் பேருக்குள் விழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புதான். பலரும் சராசரிக்குப் போவார்கள். அதில் யாருக்கும் சாய்வு கிடையாது, ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். சரியான ஸ்கோர் சொன்னவருக்கு 5 புள்ளி என்றால், உங்களில் ஒருவர் சொல்லிவிட்டால் உங்கள் சராசரி 0.6க்கு மேல் ஏறும். அவர்களில் ஒருவர் சொன்னால் 0.16 அளவுதான் ஏறும். ஒருவரின் அதிர்ஷ்டத்தால் வந்த வெற்றியை அடுத்த நாளே "அது ஒரு வெற்றியா" என்று பேசுவார்கள்.

சீட்டுக் குலுக்குங்கள். முப்பத்திரண்டு பெயரை ஒரு செம்பில் போட்டு எட்டை எடுங்கள். எட்டுக்கு எட்டு, கூட்டுத்தொகையே போதும். எடுத்த பெயரைத் திரும்பப் போடக்கூடாது. நான்கு சுற்றில் அவர்கள் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். லீக்கில் டெர்பி ஆண்டுக்கு இரண்டே என்பதால் மற்ற இரண்டு சுற்றை வேறு வாரங்களில் வையுங்கள். அந்த வாரங்களில் ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்து அணியின் ஆட்டத்தைக் கணிக்க வேண்டும். எதிரியின் அணியைக் கவனித்துப் பார்க்காதவர் அதில் தேறமாட்டார்.

புள்ளி: சரியான ஸ்கோர் 5, யார் வெற்றி என்பதும் கோல் வித்தியாசமும் சரி என்றால் 3, முடிவு மட்டும் சரி என்றால் 2. சமநிலை என்று சொல்லி ஸ்கோர் மட்டும் தவறினால் 3 தரவேண்டாம், 2 போதும். சமநிலையில் வித்தியாசம் எப்போதும் பூஜ்யம்தான். 3 கொடுத்தால் எல்லோரும் 1–1 என்று எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

இதில் சின்ன அணிக்காரர்களுக்கு ஒரு சங்கடம் வரும். மனசு கேட்காமல் எப்போதும் எவர்ட்டன் ஜெயிக்கும் என்றே எழுதி, புள்ளியைத் தானாக இழப்பார்கள். அதனால் ஆளுக்கு இரண்டு சீட்டு. ஒன்று ஆசைச் சீட்டு, மற்றது அறிவுச் சீட்டு. புள்ளி அறிவுச் சீட்டுக்கு மட்டும். ஆசைச் சீட்டைச் சபையில் உரக்கப் படித்தால் போதும். அன்றைக்குக் கிடைக்கும் பாதிச் சிரிப்பு அதிலிருந்துதான் வரும்.

ப்ரீமியர் லீக்கில் அணிப் பட்டியல் ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன் வெளிவரும். எல்லாச் சீட்டும் அதற்கு முன் செம்பில் விழுந்திருக்க வேண்டும். சிலர் பட்டியல் பார்த்தும் சிலர் பார்க்காமலும் எழுதினால் தகராறுதான்.

அணிகளுக்குள் முன்சலுகை வைப்பதானால் அரை கோல் போதும். அதாவது ஆட்டம் சமநிலையில் முடிந்தால் எவர்ட்டன் பக்கத்துக்கு வெற்றி என்று கணக்கு. முழு கோல் கொடுத்தால் என்ன ஆகும் என்று அடுத்தடுத்து நடந்த நான்கு டெர்பிகளை வைத்துப் பாருங்கள்: 2024 ஏப்ரல் 24 எவர்ட்டன் 2–0, 2025 பிப்ரவரி 12 2–2, 2025 ஏப்ரல் 2 லிவர்பூல் 1–0, 2025 செப்டம்பர் 20 லிவர்பூல் 2–1. முழு கோல் சலுகையில் எவர்ட்டனுக்கு இரண்டு வெற்றி, இரண்டு சமன். லிவர்பூலுக்கு ஒன்றுமே இல்லை. அரை கோலில் ஆளுக்கு இரண்டு. நான்கு ஆட்டத்தை வைத்து எதையும் அறுதியிட முடியாதுதான். ஆனால் அரை கோலில் இழுபறியே வராது என்பது எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும்.

விதியில் எழுத மறக்கக்கூடாதவை இரண்டு. அந்த 2025 பிப்ரவரி ஆட்டத்தில் எவர்ட்டனின் டார்கோவ்ஸ்கி சமன் செய்த கோல் 98ஆம் நிமிடத்தில் விழுந்தது. "முதல் கோல் எந்த நிமிடம்" என்று, புள்ளி சமமானால் தீர்ப்பதற்குக் கேள்வி வைத்தால், காயநேரத்தில் (45, 90 நிமிடங்களுக்குப் பின் கூட்டித் தரும் நேரம்) விழும் கோல்களை 45 என்றும் 90 என்றும் எழுதுவதா, 90+8 என்று எழுதுவதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அதே ஆட்டத்தில் எவர்ட்டனின் டூகூரேக்கும் லிவர்பூலின் கர்ட்டிஸ் ஜோன்ஸுக்கும் சிவப்பு அட்டை வந்தது கடைசி விசில் ஊதிய பிறகு. அட்டை எண்ணிக்கைக்குப் புள்ளி வைப்பவர்கள், விசிலுக்குப் பின் வருவதும் கணக்கில் சேருமா என்பதை எழுதியே ஆகவேண்டும்.

பணம் மட்டும் வைக்காதீர்கள். சட்டமும் குறுக்கே வரும், சிரிப்பும் போய்விடும். தோற்ற பக்கம் பந்தி பரிமாறட்டும், ஜெயித்த பக்கம் இலை எடுக்கட்டும்.

பதில் 2: வளவுக்காரன்

இடத்தைப் பத்தி நான் சொல்றேன் தம்பி. மொதல்ல நேரத்தப் பாருங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையிலேருந்து அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கிலாந்துக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். மத்த மாசத்துல அஞ்சரை. அங்க பகல் 12:30 ஆட்டம்னா நமக்குச் சாயங்காலம் 5, இல்லாட்டி 6. அங்க 5:30ன்னா ராத்திரி 10 அல்லது 11. அங்க ராத்திரி 8ன்னா நமக்கு நடுநிசி தாண்டி 12:30 அல்லது 1:30. பருவம் தொடங்கறப்ப வர்ற அட்டவணைய நம்பி ஆளுங்களுக்குச் சொல்லிடாதீங்க, டிவிக்காக நாளும் நேரமும் மாத்துவாங்க. மாத்தின அறிவிப்பு வந்தப்புறம் வீட்டுக்காரங்ககிட்ட தேதி சொல்லுங்க.

5 மணி ஆட்டம்னா முத்தத்துல ப்ரொஜெக்டர் வேண்டாம். அந்த வெளிச்சத்துல படம் வெளுத்துப்போகும், பந்தே தெரியாது. பட்டாலைக்குள்ள, அதான் கூடத்துல, பெரிய டிவி வைங்க. 6 மணின்னா முதல் பாதி பாதியாவது கஷ்டம்தான். 8:30க்கு மேலன்னா முத்தம் மாதிரி இடம் கிடைக்காது.

3000 லூமென் ப்ரொஜெக்டர், 100 அங்குலத் திரை. திரை அகலம் ஏழேகால் அடி வரும். சாதாரண லென்ஸுக்கு அகலத்துல ஒன்றரை மடங்கு தூரம் வேணும், அப்ப பதினோரு அடி. திரைய முத்தத்தோட குறுகின பக்கத்துல, ரெண்டு தூணுக்கு நடுவுல கட்டுங்க. நீளப்பக்கத்துல கட்டினா ரெண்டு ஓரத்துல உக்காருறவங்களுக்குத் தூண் மறைக்கும், பெனால்டி ஏரியா பாதி காணாது. நீலம் ஒரு பக்கத் தாழ்வாரம், சிவப்பு எதிர்ப்பக்கத் தாழ்வாரம், நடுவுல முத்தம் காலியா இருக்கட்டும். எதிரும் புதிருமா உக்காந்தாத்தான் பாட்டுக்குப் பாட்டு எடுபடும்.

முட்டைச் சுண்ணாம்புப் பூச்சுல ஆணியும் கூடாது, டேப்பும் கூடாது. டேப்பை உரிச்சா மேல்பளபளப்போட வந்துரும், அத ஒட்டுப்போட இன்னைக்கு ஆள் கிடைக்கறது குதிரைக்கொம்பு. கயிறு தூணச் சுத்துற எடத்துல பழைய வேட்டிய நாலா மடிச்சு வச்சுக் கட்டுங்க. ஆத்தங்குடித் தரையில இரும்பு நாற்காலி போட்டு இழுத்தா கோடு விழும். ஜமக்காளம் விரிச்சுக் கீழ உக்காருங்க. அதுல இன்னொரு லாபம் இருக்கு: வழவழச் சுவரும் வழவழத் தரையும் சத்தத்த எதிரொலிக்கும், வர்ணனை ஒண்ணும் புரியாது. தரையில ஜமக்காளம், திரைக்கு எதிர்ச்சுவர் பக்கம் கயித்துல ரெண்டு போர்வை, இவ்வளவு போதும், எதிரொலி பாதியா அடங்கும்.

கரண்ட்: ப்ரொஜெக்டர் 300 வாட், ஸ்பீக்கர் 100, ரவுட்டரும் ரெண்டு விளக்கும் 50. மொத்தம் 450. 150 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்ல நிலைமையில இருந்தா ரெண்டரை மணி நேரம் இழுக்கும். ஆட்டம், இடைவேளை, காயநேரம் எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரம். அப்ப போதும், ஆனா அதுல காத்தாடி போடாதீங்க. இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், அத யுபிஎஸ் நிலையில வைங்க. சாதா நிலையில வச்சா கரண்ட் மாறுற நொடியில ப்ரொஜெக்டர் அணைஞ்சிரும். விளக்கு ஆறினப்புறம்தான் திரும்ப எரியும், அதுக்குள்ள சில நிமிஷம் போயிரும்.

இன்டர்நெட் ஒளிபரப்பு நேரலைக்கு அரை நிமிஷம் வரைக்கும் பின்னால ஓடும். ஒருத்தர் போன்ல கோல் அறிவிப்பு வந்தா கதை முடிஞ்சுது. வாசல்ல ஒரு தாம்பாளம் வச்சு எல்லாப் போனையும் அதுல வாங்கிருங்க. வீட்டுச் சந்தாவ வச்சுப் போடறதால டிக்கெட் வசூல் பண்ணாதீங்க.

பதில் 3: காடாத்துணி

பதாகைக்கு 36 அங்குல அகலக் காடாத்துணி எட்டு மீட்டர் வாங்குங்கள். நான்கு நான்கு மீட்டராக வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால், மடிப்புகள் போகப் பன்னிரண்டு அடிக்கு ஐந்தரை அடி நிற்கும். வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக் காயவையுங்கள். கஞ்சி போகாத துணியில் பெயின்ட் பிடிக்காமல் செதிலாக உதிரும். அதோடு துணி பின்னால் சுருங்கி எழுத்தை இழுக்கும். மேல் விளிம்பை நான்கு அங்குலத்துக்கு உறைபோல மடித்துத் தையுங்கள், மூங்கில் கழி அதற்குள் போகும். தோரணம்போல நான்கு மூலையில் கயிறு கட்டினால் நடுவில் தொய்ந்து வாசகம் சிரித்த வாய் மாதிரி வளைந்துவிடும்.

வாசகம் இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன்: "ஆன்ஃபீல்டில் பால் காய்ச்சியது நாங்கள்".

இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. இன்று லிவர்பூலின் வீடாக இருக்கும் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1884 முதல் 1892 வரை குடியிருந்தது எவர்ட்டன்தான். 1890–91 லீக் பட்டத்தை வென்றதும் அங்கே இருந்துகொண்டுதான். அந்த மைதானத்துக்கு வந்த முதல் பட்டம் நீலத்துடையது. பிறகு மைதானத்தின் சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங்குடன் வாடகைத் தகராறு முற்றி, எவர்ட்டன் ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க்குக்குக் குடிபெயர்ந்தது. காலி வீட்டை என்ன செய்வது? 1892இல் ஹோல்டிங் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கினார். அதுதான் லிவர்பூல். முதலில் எவர்ட்டன் பெயரையே வைத்துக்கொள்ளப் பார்த்தார், கால்பந்துச் சங்கம் ஒப்பவில்லை. பங்காளிச் சண்டையும் பாகப்பிரிவினையும் தெரிந்த நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "பால் காய்ச்சியது" என்ற ஒரு சொல்லே போதும்.

எழுதும் முறை. இரண்டு வரி. முதல் வரி "ஆன்ஃபீல்டில்", பெரிதாக. இரண்டாம் வரிக்கு இடம் கணக்கிடும்போது துணைக்காலைத் தனி எழுத்தாக எண்ணுங்கள். இங்கேதான் பெரும்பாலும் பிசகும். கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் "நாங்கள்" ஓரத்தில் நெரியும். "பால் காய்ச்சியது நாங்கள்" துணைக்காலும் இடைவெளியும் சேர்த்துப் பதினேழு கட்டம். ஓரங்களில் ஆறு ஆறு அங்குலம் விட்டால் மீதி 132 அங்குலம், கட்டத்துக்கு ஏழரை அங்குலம். எழுத்து உயரம் பத்து அங்குலம், மேலே விசிறிக்கும் கீழே சுழிக்கும் ஐந்து ஐந்து. சுண்ணக்கட்டியில் கட்டம் போட்டுவிட்டு எழுதுங்கள். பட்டைத் தூரிகை ஒன்றரை அங்குலம். மெய்யெழுத்துப் புள்ளியைக் கோட்டின் தடிமன் அளவுக்கே வையுங்கள், சிறிதாக வைத்தால் எதிர்த் தாழ்வாரத்திலிருந்து "பால" என்றுதான் தெரியும்.

நீல எமல்ஷன் அரை லிட்டர், கொஞ்சம் தண்ணீர் விட்டு. கெட்டியாகப் பூசினால் மடிக்கும்போது வெடிக்கும். ஒரு முழு நாள் காயட்டும். கழியில் சுருட்டி எடுத்துப் போங்கள், மடிக்காதீர்கள். காடாவில் பெயின்ட் ஊறி அடியில் இறங்கும். ஆத்தங்குடித் தரைமேல் வைத்து எழுதவே கூடாது. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து எழுதுங்கள்.

பதில் 4: செம்பருத்தி

சிவப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேலே உள்ள வாசகம் அருமை. அதற்கு எதிர்த் தாழ்வாரத்தில் எங்கள் பதாகை இப்படி இருக்கும்: "நீங்கள் காய்ச்சிய பாலில் வெண்ணெய் எடுத்தது நாங்கள்". 20 லீக் பட்டம், 6 ஐரோப்பியக் கோப்பை. வெண்ணெய்க்குக் குறைவில்லை.

ஆனால் என் தரப்பு ஆட்களுக்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கிளப்காரர்கள் கோப்பை எண்ணிக்கையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு வறண்டுவிடும். எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்ல இடம் இருந்தால்தான் கேலி நிற்கும். "சின்ன கிளப்" என்ற பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் 0–0 முடிந்ததும் எங்கள் அப்போதைய பயிற்சியாளர் ரஃபேல் பெனிடெஸ் எவர்ட்டனைச் சின்ன கிளப் என்றார். அதே பெனிடெஸ் 2021இல் எவர்ட்டன் பயிற்சியாளராகப் போய், 2022 ஜனவரியில் நீக்கப்பட்டார். இந்த ஒரு செய்தியில் இரு பக்கத்துக்கும் கேலி இருக்கிறது. எண்ணிக்கையில் அப்படி அமையாது. உண்மையில் எவர்ட்டன் சின்ன கிளப்பும் அல்ல. ஒன்பது லீக் பட்டம், ஐந்து எஃப்ஏ கோப்பை (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பை), 1985இல் ஐரோப்பாவின் 'கப் வின்னர்ஸ் கப்'. 1995க்குப் பிறகு பெரிய கோப்பை எதுவும் வராததால் சின்னதாகத் தெரிகிறது.

இடைவேளையிலோ ஆட்டத்துக்கு முன்போ வினாடி வினா வையுங்கள். ஒரு நிபந்தனை: நீலம் லிவர்பூலைப் பற்றிய கேள்விக்கும், சிவப்பு எவர்ட்டனைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சில கேள்விகள் தருகிறேன். எங்களிடம் கேட்க: ஒரே லீக் பருவத்தில் 60 கோல் அடித்தவர் யார், எப்போது? (டிக்ஸி டீன், 1927–28.) 1995 எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஒரே கோல் யாருடையது? (பால் ரைடவுட்.) நீலத்திடம் கேட்க: 1982 நவம்பரில் குடிசன் பார்க்கிலேயே நாலு கோல் அடித்தவர் யார்? (இயன் ரஷ், 5–0.) தொடக்க காலத்தில் லிவர்பூல் சட்டை என்ன நிறம்? (நீலமும் வெள்ளையும். இதைக் கேட்டால் எங்கள் இளசுகள் பாதிப்பேர் நம்பமாட்டார்கள்.) இருவருக்கும் பொதுவாக: இரண்டு கிளப்பிலும் எஃப்ஏ கோப்பை வென்ற ஒரே ஆட்டக்காரர்? (கேரி அப்லெட், 1989 லிவர்பூல், 1995 எவர்ட்டன்.)

எட்டுப் பேருக்கு இன்னொரு யோசனை. கூட்டமாகக் கத்துவதில் எங்களோடு மோதாதீர்கள், முப்பத்திரண்டு தொண்டை உங்களை அமுக்கிவிடும். நாங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில், எட்டுப் பேரும் ஒரே குரலில் நாலே சொல்லில் ஒரு பதில் சொன்னால் முற்றம் முழுக்கக் கேட்கும்.

பதில் 5: அடுப்படி ஆச்சி

தம்பிகளா, எவர்ட்டனுக்கு டாஃபி என்றொரு பட்டப்பெயர் உண்டு. ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி வந்து கூட்டத்துக்கு மிட்டாய் போடும் வழக்கம் அங்கே உண்டு. நம்மூரில் அதற்குக் கமர்கட்டைவிட்டால் வேறு என்ன? ஆனால் வீசாதீர்கள். கண்ணில் பட்டால் வினை, தரையில் விழுந்து மிதிபட்டால் ஆத்தங்குடிக் கல்லில் ஒட்டும். தட்டில் வைத்து எதிர்ப்பக்கத்துக்கு முதலில் நீட்டுங்கள்.

எண்பது உருண்டைக்கு: வெல்லம் அரைக் கிலோ, நடுத்தரத் தேங்காய் இரண்டு, ஏலக்காய் ஆறு, நெய் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காயைப் பூவாய்த் துருவி, வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்துக்கொள்ளுங்கள், சிவக்கக் கூடாது. வெல்லம் நனையும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி, பாகு காய்ச்சுங்கள். இளம்பாகில் தேங்காயைக் கொட்டிக் குறைந்த தணலில் கிளறுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரவேண்டும், அதுதான் பதம். சத்தம் வராமல் இறக்கினால் பல்லில் ஒட்டும், கையோடு வரும். பதம் தப்பிப் போனால் உருட்ட வராமல் உதிரும்; அப்போது ஒரு கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி இளக்கிக் கிளறலாம். சூட்டோடு நெய் தொட்டு உருட்ட வேண்டும், ஆறினால் கல். தனியாகச் செய்யாதீர்கள், மூன்று பேர் உட்கார்ந்து உருட்டுங்கள். தேங்காய் சேர்ந்ததால் நான்கு நாளைக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வரும்.

இடைவேளைக்கு வெள்ளைப் பணியாரம். தம்ளர் நிறையப் பச்சரிசி, அதன் தலைமேல் கோபுரமாய் உளுந்து, இதுதான் அளவு. ஒரு தம்ளருக்கு இருபது வரும். ஆளுக்கு நாலு என்றால் எட்டுத் தம்ளர். இரண்டு மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்துத் தோசை மாவைவிடச் சற்றுத் தளரக் கரையுங்கள். புளிக்கக் கூடாது, புளித்தால் எண்ணெய் குடிக்கும், வெள்ளையும் போகும். உளுந்து கூடினாலும் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் தட்டையாய் வறட்டென்று இருக்கும். ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும், எண்ணெயின் நடுவில் ஒரே ஊற்றாக. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 160க்கு இரண்டு வாணலியில் ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல் ஆகும். இடைவேளை பதினைந்தே நிமிடம். ஆட்டம் தொடங்க அரை மணி முன்பே அடுப்பு எரிய வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். சிவப்புப் பக்கம் அதைத் தங்கள் கொடி என்று சொல்லிக்கொள்ளட்டும்.

குடிக்க நீலத்துக்குச் சங்குப்பூ, சிவப்புக்குச் செம்பருத்தி. இரண்டையும் தனித்தனியே வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிச் சர்க்கரை போட்டு ஆறவிடுங்கள். செம்பருத்தியில் எலுமிச்சை பிழிந்தால்தான் சிவப்பு பளிச்சென்று வரும். சங்குப்பூவில் ஒரு சொட்டு எலுமிச்சை விழுந்தால் நீலம் ஊதாவாகி, மேலும் விழ விழச் சிவப்புப் பக்கம் சாயும். ஆகவே எலுமிச்சைத் தட்டை நீலப் பானைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எதிர்ப்பக்கம் சும்மா இருக்காது.

ஒன்று கவனம். 2024 டிசம்பர் 7 டெர்பி புயலால் அன்று காலையில்தான் தள்ளிவைக்கப்பட்டது. இங்கிலாந்தில் காலை என்றால் நமக்குப் பிற்பகல். கமர்கட் முதல் நாளே செய்யலாம், கெடாது. பணியாரத்துக்கு அரிசி ஊறப்போடுவதை மட்டும் ஆட்டம் உறுதி என்று பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 6: ஸ்டான்லி பூங்கா

கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஆடுகளத்தில் நடந்தது, கோப்பை, பயிற்சியாளர், மைதானம், வாடகை: எல்லாம் கேலிக்கு உரியவை. சாவு ஒன்றும் கேலிக்கு உரியதல்ல.

1989 ஏப்ரல் 15 ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ஆதரவாளர்கள் 97 பேர் உயிர் போனது. 1985 மே 29 பிரசெல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர், பெரும்பாலும் எதிரணியான யுவென்டஸின் ஆதரவாளர்கள். இவற்றைப் பாடலிலோ பதாகையிலோ கைச்சைகையிலோ கொண்டுவருபவர் எந்தப் பக்கமானாலும் அந்த நிமிடமே எழுந்து போக வேண்டும் என்று விதியின் முதல் வரியாக எழுதுங்கள். இங்கிலாந்திலேயே 2023–24 பருவத்திலிருந்து இதற்கு மைதானத் தடை வரை நடவடிக்கை உண்டு. நம்மூர்ப் பிள்ளைகள் சமூக ஊடகத்தில் பார்த்ததைப் பொருள் தெரியாமல் திரும்பச் சொல்வார்கள். அதனால் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு நிமிடம் விளக்கிவிடுவது நல்லது.

அந்த ஊரில் இந்தப் பகை எப்படிப்பட்டது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். ஹில்ஸ்பரோவுக்கு அடுத்த வாரம், ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் அப்போது இருந்த இரு கிளப் மைதானங்களுக்கு நடுவே, ஸ்டான்லி பூங்காவின் குறுக்கே நீலமும் சிவப்புமாகக் கழுத்துத்துணிகளை முடிந்து கட்டினார்கள். அதன் பிறகு லிவர்பூல் ஆடிய முதல் லீக் ஆட்டம் மே 3 அன்று குடிசன் பார்க்கில், எவர்ட்டனோடு. அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்று ஒரே வீட்டுக்குள் இருப்பது அங்கே சாதாரணம்.

ஏழ்மையை வைத்து அந்த ஊரைக் கேலி செய்யும் பாட்டுகளும் வேண்டாம். 2015இல் இரு கிளப் ஆதரவாளர்களும் சேர்ந்து உணவு வங்கிகளுக்குப் பொருள் திரட்டும் அமைப்பைத் தொடங்கினார்கள். விரும்பினால் நீங்களும் வாசலில் இரண்டு சாக்கு வையுங்கள், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. ஆளுக்குக் குறைந்தது ஒரு கிலோ அரிசி. மொத்த எடையை ஒப்பிட வேண்டாம். தலைக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பாருங்கள். எட்டுப் பேர் முப்பத்திரண்டு பேரை நேராக ஜெயிக்க முடிந்த ஒரு இடம் அது.

நீலப்பட்டாலை

எல்லோருக்கும் நன்றி. சீட்டுக் குலுக்கல், அரை கோல், இரண்டு சீட்டு மூன்றையும் சிவப்புப் பக்கம் ஒப்புக்கொண்டது. வளவுக்கார அண்ணே, ஒரு சந்தேகம்: அங்கே ராத்திரி 8 மணி ஆட்டமாக வந்துவிட்டால் என்ன செய்வது? அக்கம்பக்கம் தூங்கும் நேரம்.

வளவுக்காரன்

நடுநிசி ஆட்டம்னா முத்தத்த விடுங்க தம்பி. திறந்த முத்தத்துல போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேக்கும். ரெண்டாங்கட்டுக்கு, அதான் வீட்டோட பின்பகுதிக்கு, உள்ள தள்ளி, வாசக் கதவ அடைச்சுட்டு, பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலா ரெண்டு சின்ன ஸ்பீக்கர ஆளுங்க பக்கத்துலயே வைங்க. பக்கத்துல இருந்தா கம்மியா வச்சாலே போதும். பாட்டையும் கமர்கட்டையும் ஆட்டத்துக்கு முன்னாடி ஒம்பது மணிக்கே முடிச்சிருங்க. கோல் விழுந்தா கத்த வேண்டாம், பதாகையத் தூக்கிக் காட்டுங்க. ரெண்டு பக்கமும் கழியோட தயாரா உக்காரணும்.

பந்திய அந்த நேரத்துல வைக்காதீங்க. மறுநாள் காலைப் பலகாரமா வச்சுக்கங்க, தோத்த பக்கம் அப்பப் பரிமாறட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி ஜமக்காளத்த உதறாம சுருட்டி வெளியில கொண்டுபோய் உதறுங்க. எண்ணெயோ பாகோ சிந்தியிருந்தா அன்னைக்கே ஈரத்துணியால தொடைச்சு, காஞ்சப்புறம் ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தொட்டு மெருகு கொடுத்துருங்க. காலையில வரைக்கும் விட்டா கல்லு குடிச்சுரும்.